நாலு புள்ளி ஒன்பது

1

முதலில் ஒரு வாக்குமூலம். இந்தக் கதை என் மூளையில் உதித்ததல்ல. என் தங்கை வீட்டுச் சாப்பாட்டு மேசையில், அவள் கணவரின் வாயில், பாதி மென்ற நிலையில் கிடந்தது. நான் எடுத்துக்கொண்டேன்.

மாப்பிள்ளை (கதை முழுக்க அவருக்கு இதுதான் பெயர், நிஜப் பெயரைப் போட்டால் தங்கை இனி எனக்குக் கதவைத் திறக்கமாட்டாள்) ஒரு பொறியியல் கல்லூரியில் துறைத்தலைவர். அன்றைக்குச் சிரித்துக்கொண்டேதான் வந்து உட்கார்ந்தார்.

“மச்சான், இன்னிக்கு எங்க லேப்ல ஒரே கூத்து. புதுசா வந்திருக்கே அந்த லெக்சரர் அம்மா, அது பெண்டிங் மொமெண்ட் எக்ஸ்பெரிமெண்ட் பண்ணிச்சாம். வெயிட்டைத் தொங்கவிட்டுச்சாம். ரீடிங் என்ன தெரியுமா? சைபர்! இன்னும் கொஞ்சம் தொங்கவிட்டுச்சாம். அதுக்கும் சைபர்! மொத்த கிளாஸையும் சைபர்னே எழுத வைச்சிருக்கு. நான் அந்தக் காலேஜ்ல கால் வைச்ச நாள்லேருந்து அந்த பீம் அஞ்சுக்குப் பக்கத்துலதான் பேசியிருக்கு. இந்தம்மா கை பட்டதும் ஊமையாயிடுச்சாம்!”

சிரிப்பில் தண்ணீர் டம்ளர் குலுங்கியது. பிறகு சிரிப்பு நின்றது. மெல்லமெல்லக் குறைந்து நிற்கவில்லை, கரண்ட் போனதுபோல நின்றது. வாய் மட்டும் திறந்தபடி இருந்தது.

“அந்த வெல்டிங்…” என்றார்.

“எந்த வெல்டிங்?” என்றேன்.

“ஒண்ணுமில்ல மச்சான்” என்று எழுந்து கைகழுவப் போனார். தட்டில் பாதிக்குமேல் மிச்சம். சாப்பாட்டை வைத்துவிட்டு மாப்பிள்ளை எழுந்து போனதை அந்த வீட்டின் சுவர்க்கடிகாரம்கூடப் பார்த்ததில்லை.

ஓய்வு பெற்றவனுக்கு இதைவிட நல்ல தீனி கிடைக்குமா? அன்றிலிருந்து அவரைத் துளித்துளியாகப் பிழிந்தெடுத்தேன். பிழிந்தது கொஞ்சம், நான் ஊற்றிக் கலந்தது அதிகம். அது போகட்டும், உங்களுக்குத் தெரிய வேண்டியது இதுதான். நாளைக் காலை பத்து மணிக்கு அந்தக் கல்லூரியை மதிப்பிட ஒரு குழு வருகிறது. மாணவர்களின் நோட்டெல்லாம் சைபராக இருக்க, ஏன் என்று கேட்கப்போகும் குழுவின் முன்னால் மாப்பிள்ளை ஒரு வாக்கியம் சொல்லியாக வேண்டும். ‘கருவியைக் கெடுத்தது இந்த அம்மா’ என்றால் அந்த அம்மாவின் வேலை போகும். ‘கெடுத்தது நான்தான்’ என்றால் மாப்பிள்ளையின் பெயர் போகும். மூன்றாவதாக ஒரு வாக்கியம் அகப்படுமா என்று அவர் தேடிக்கொண்டிருக்கிறார். நானும்தான். எனக்குக் கதை முடிய வேண்டுமே.

2

தொடக்கம், முதல் முயற்சி:

“வாழ்க்கை என்பது இரு தாங்கிகளுக்கு இடையே கிடக்கும் ஓர் உத்தரம். அதன்மீது காலம் தன் சுமைகளை ஒவ்வொன்றாக…”

[நிறுத்திவிட்டேன். இந்த மாதிரி வாக்கியங்களை விருதுக்கு விண்ணப்பிக்கிறவர்கள் எழுதட்டும்.]

இரண்டாம் முயற்சி:

“மழை பெய்துகொண்டிருந்தது. ஆய்வகத்தின் ஜன்னல் கம்பிகளில் துளிகள்…”

[பெய்யவில்லை. எழுத ஒன்றும் அகப்படாதபோதுதான் கதைகளில் மழை வருகிறது.]

மூன்றாம் முயற்சியில் மரியாதையாக விஷயத்துக்கு வருகிறேன். அந்த ஆய்வகத்தில் ஓர் இரும்பு உத்தரம் (மாப்பிள்ளை பாஷையில் பீம்) இருக்கிறது. ஒரு மீட்டர் நீளம், இரு முனையிலும் தாங்கி. நடுவே சுமையைத் தொங்கவிட்டால் உத்தரம் வளையப் பார்க்கும். எவ்வளவு வலுவோடு வளையப் பார்க்கிறது என்பதைத்தான் வளைவுத் திருப்புத்திறன், அதாவது மாப்பிள்ளை சொன்ன பெண்டிங் மொமெண்ட், என்கிறார்கள். அதை அளப்பதற்காக உத்தரத்தை நடுவில் வேண்டுமென்றே வெட்டி வைத்திருப்பார்கள். வெட்டின இரண்டு பாதியையும் மேலே ஒரு கீல் பிடித்திருக்கும். கீழே ஒரு ஸ்பிரிங் தராசு. சுமை ஏறினால் வெட்டு வாயைப் பிளக்கப் பார்க்கும். தராசு அதை இழுத்துப் பிடிக்கும். முள் நகரும். அவ்வளவுதான். வெட்டு இல்லையென்றால் முள் இல்லை, முள் இல்லையென்றால் பரிசோதனையே இல்லை. இந்த ஒரு வாக்கியத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். மாப்பிள்ளை வைத்துக்கொள்ளவில்லை.

கணக்கும் சுலபம். நடுவில் இருபது நியூட்டன் சுமையென்றால், இருபதை நீளத்தால் பெருக்கி நாலால் வகுக்க வேண்டும். விடை ஐந்து. காகிதத்தில் ஐந்து. இரும்பில் எவ்வளவு என்று பார்ப்பதற்குத்தான் இத்தனை சாமானும்.*

* பார்ப்பதற்கு என்று சொன்னேன். பார்த்தார்கள் என்று நான் எங்கும் சொல்லவில்லை.

3

மாப்பிள்ளைக்குக் கல்லூரியில் வேறொரு பெயர் உண்டு: ‘ரெண்டு பர்சென்ட்’. லஞ்சம் என்று நினைத்துவிடாதீர்கள். அதற்கெல்லாம் ஒரு துணிச்சல் வேண்டும். இது அவர் கண்டுபிடித்த விதி. பரிசோதனை என்றால் பிழை இருக்க வேண்டும். பிழை இரண்டு சதவீதம் இருந்தால் அழகு, ஐந்தைத் தாண்டினால் அசிங்கம், பிழையே இல்லையென்றால் திருட்டு.

ஒருமுறை ஒரு மாணவி ஐந்துக்கு ஐந்து என்று எழுதிக்கொண்டு போய் நின்றாளாம். (நான் அங்கே இல்லை. அதனால் துல்லியமாகச் சொல்ல முடியும்.)

“அஞ்சு வரணும், அஞ்சே வந்துச்சா?”

“ஆமா சார்.”

“நீ என்ன கடவுளா?”

“இல்ல சார்.”

“அப்புறம் எப்படிம்மா அஞ்சு? காத்து அடிக்கல? ஃபேன் சுத்தல? உன் கை நடுங்கல? போ, போய் ரெண்டு பர்சென்ட் தப்பு பண்ணிட்டு வா.”

அவள் வராந்தாவில் நின்றபடியே தப்புப் பண்ணிக்கொண்டு வந்தாள். நாலு புள்ளி ஒன்பது. மாப்பிள்ளை முகம் மலர்ந்தது. “இதுதான் எக்ஸ்பெரிமெண்ட்!” என்று பெரிதாக ஒரு டிக் போட்டார்.

அதிலிருந்து நாலு புள்ளி ஒன்பது அந்தக் கல்லூரியின் தேசிய கீதமாகிவிட்டது. கொஞ்சம் கற்பனை உள்ளவர்கள் ஐந்து புள்ளி ஒன்று எழுதினார்கள். அவர்களைக் கலைஞர்கள் என்று சொல்லலாம். முதலில் கணக்கைப் போட்டு, பிறகு பேருக்குச் சுமையைத் தொங்கவிட்டார்கள். அப்புறம் சுமையைத் தொங்கவிடும் வேலையை விட்டார்கள். கடைசியில் ஆய்வகத்துக்கு வரும் வேலையையும் விட்டார்கள். கேண்டீனில் டீ ஆறுவதற்குள் ஒரு வகுப்பே உத்தரத்தை வளைத்து முடித்துவிடும். எடைகள் அலமாரியில் ஒன்றின்மேல் ஒன்றாகத் தூங்கின. பல்லிகள் அவற்றில் குடும்பம் நடத்தின; பேரன் பேத்தி எடுத்தன.

மாப்பிள்ளையின் அறையில் சட்டம் போட்டு ஒரு வரைபடம் மாட்டியிருக்கிறது. நேரான ஒரு கோடு. அதன் இரு பக்கமும் சமர்த்தாக உட்கார்ந்திருக்கும் புள்ளிகள். வருகிறவர்களிடமெல்லாம் அதைக் காட்டுவார். “புள்ளியெல்லாம் செதறியிருக்கிற இந்த ஸ்கேட்டரைப் பாருங்க. இயற்கை! இயற்கையை மிஞ்ச முடியுமா?”

அந்தப் புள்ளிகளை வைத்தது இயற்கையல்ல. கேண்டீனின் மூன்றாவது மேசை.

4

இப்போது வெல்டிங். நியாயமாக இதை உச்சகட்டத்துக்காக ஒளித்து வைத்திருக்க வேண்டும். வாசகரைக் காக்க வைத்து வேடிக்கை பார்க்கிற புத்தி எனக்குக் கிடையாது. [பொய். உண்டு. ஆனால் இந்தச் சங்கதியை வாயில் வைத்துக்கொண்டு என்னால் உட்கார முடியவில்லை.]

சில வருடங்களுக்கு முன்பும் ஒரு குழு வந்தது. அதற்கு முந்தின வாரம் மாப்பிள்ளை மூக்கில் கைக்குட்டையை வைத்துக்கொண்டு ஆய்வகத்தைச் சுற்றி வந்தார். பின்னால் ஒரு வெல்டர். கால் உடைந்த ஸ்டூல், கதவு தொங்கும் அலமாரி, கம்பி விட்டுப்போன ஜன்னல்.

“உடைஞ்சது ஒண்ணுகூட அவங்க கண்ணுல படக்கூடாது. எல்லாத்தையும் ஒட்டு.”

உத்தரத்தின் முன்னால் வந்து நின்றார்கள். நடுவில் வெட்டு.

“இதுவுமா சார்?”

மாப்பிள்ளை பார்த்தார். அவருக்குள் என்ன ஓடியது? இதற்காகவே இந்தப் பத்தியை ஏழெட்டுத் தடவை கிழித்தேன். அந்தப் பரிசோதனையின் செய்முறையை எழுதியவரே அவர்தான். ‘வெட்டு முகத்தில் தராசைப் பொருத்துக’ என்று அவர் எழுதிய வரி இன்றைக்கும் சுவரில் தொங்குகிறது. அதற்கு நேர் கீழே நின்றுகொண்டு, இரண்டாகக் கிடந்த இரும்பைப் பார்த்து அவர் நினைத்தது ஒன்றே ஒன்று: சே, அசிங்கமா இருக்கே.

“இதுவுந்தான். சேர்த்து அடி. பெயிண்டும் அடிச்சிடு.”

கீலோடு சேர்த்துப் பற்றவைத்தாயிற்று. பச்சைப் பெயிண்ட் அடித்தாயிற்று. ரோடு ரோலர் ஏறி நின்று குதித்தாலும் அந்த இணைப்பு அசையாது. (ரோடு ரோலர் குதிக்காது என்று எனக்கும் தெரியும்.) குழு வந்தது, பச்சையைப் பார்த்தது. ‘பராமரிப்பு மிகச் சிறப்பு’ என்று பாராட்டிவிட்டு மதியச் சாப்பாட்டுக்குப் போனது.

அன்றுமுதல் தராசு முள் செத்துப்போனது. அடுத்த வாரம் ஒரு வகுப்பு பரிசோதனை செய்தது. ரீடிங்: நாலு புள்ளி ஒன்பது.

5

இனி அந்த அம்மா. இவளை எழுதுவதில்தான் எனக்குச் சந்தேகம்.

முதல் வரைவில் அவளுக்குத் தீட்சண்யமான கண்களும் நிமிர்ந்த நடையும் கொடுத்திருந்தேன். உண்மை ஒரு பெண்ணுருவில்… [நாக்கில் சூடு போட வேண்டும். அடித்துவிட்டேன்.] மாப்பிள்ளை சொன்ன வரையில் அவள் பேனா மூடியைக் கடிப்பவள், போனில் யாரையாவது திட்டிக்கொண்டே இருப்பவள், மூக்குக்கண்ணாடியைத் தலையில் வைத்துக்கொண்டு மேசையெல்லாம் தேடுபவள். வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. நிரந்தரமாக்கும்படி நிர்வாகத்திடம் சொல்ல வேண்டியவர் மாப்பிள்ளை. வீட்டில் சம்பாதிப்பது இவள் ஒருத்திதான். அதை மாப்பிள்ளை எப்படிச் சொன்னார் தெரியுமா? “அதுக்கு வேற வழி கிடையாது மச்சான், சொன்னபடி கேட்கும்.”

கேட்கவில்லை. உண்மையின் மேல் இருந்த காதலாலும் அல்ல. அவளுக்குக் கேண்டீன் டீ பிடிக்காது. அதனால் மாணவர்களை ஆய்வகத்துக்கு ஓட்டிக்கொண்டு போனாள். பல்லிகளைத் துரத்தினாள். எடையைத் தொங்கவிட்டாள். முள் அசையவில்லை. இன்னொரு எடை. அசையவில்லை. தராசை ஒரு தட்டுத் தட்டினாள். தராசு அவளைப் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தது.

“மேடம், நாலு புள்ளி ஒன்பதுன்னு போட்டுக்கவா?” என்றான் ஒருவன்.

“அந்த நம்பர் எங்கேடா இருக்கு? காட்டு.”

“சீனியர்ஸ்கிட்ட.”

“உன் சீனியரா தொங்குறான் அங்க? முள்ளைப் பார்த்து எழுது.”

அவர்கள் வரிசையாகச் சைபர் எழுதினார்கள். சிலர் அழுதார்கள். அன்று மாலைக்குள் அவளுக்கு ‘முட்டை மேடம்’ என்று பெயர் வைத்தாயிற்று.

மறுநாள், அதாவது மாப்பிள்ளையின் வாய் திறந்தபடி நின்றதற்கு மறுநாள், அவளை அறைக்குக் கூப்பிட்டார். காரணம் இப்போது அவருக்குத் தெரியும். தெரிந்துகொண்டே கூப்பிட்டார். இதைக் கவனியுங்கள்.

“உட்காருங்கம்மா. இந்த பீம்ல அஞ்சு வரணும்.”

“தெரியும் சார்.”

“எல்லாருக்கும் தெரியும்.”

“பீமுக்குத் தெரியல சார்.”

மாப்பிள்ளை சட்டமிட்ட வரைபடத்தைப் பார்த்தார். அது அவரைக் கைவிட்டு ரொம்ப நேரமாகியிருந்தது.

“தராசை நீங்க தட்டினீங்களாமே?”

“முள் ஒட்டிக்கிட்டிருக்கோன்னு தட்டினேன். சார், ஒரு நடை வந்து பாருங்களேன். நடுவுல வெட்டே காணோம்.”

“நல்லா இருந்த கருவி. நீங்க தட்டினதும் சைபர். கமிட்டி கேட்டா நான் என்னம்மா சொல்றது?”

அவள் தலையிலிருந்த கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு அவரை நன்றாகப் பார்த்தாள்.

“பார்த்ததைச் சொல்லுங்க சார்” என்றாள். “அதுக்கு மொதல்ல பார்க்கணும்.”

அவள் எழுந்து போய்விட்டாள். மாப்பிள்ளை உத்தரத்தைப் பார்க்கப் போகவில்லை. போனால் பார்த்ததாகிவிடும்.

6

இதுவரை எழுதியதைத் தங்கையிடம் கொடுத்தேன். (வேண்டுமென்றேதான்.) அவள் நின்றுகொண்டே படித்தாள். காகிதங்களை என் மடியில் எறிந்தாள்.

“அண்ணா, உனக்கு வேற வேலையே இல்லையா?”

“இல்ல. ரிடையராயிட்டேன்.”

“ஒரு மனுஷனை இப்படியா கோமாளி ஆக்குவ? ஊர்ல எவன் ஒழுங்கா ரீடிங் எழுதுறான்? நீ உன் சுகர் டெஸ்டுக்கு முந்தின நாள் மட்டும் சர்க்கரையில்லாம டீ குடிக்கிற ஆளு!”

[இந்த வரியை எடுத்துவிடலாமா என்று யோசித்தேன். உயிருள்ள வசனம் என்பதால் மனசில்லாமல் விட்டுவைக்கிறேன்.]

“சரி, முடிவை நீயே சொல்லு” என்றேன்.

“அவர் உண்மையைச் சொல்லிடுவார். அந்தப் பொண்ணுக்கு வேலை நிரந்தரமாகும். கமிட்டி எழுந்து நின்னு கை தட்டும்.”

“கமிட்டி எழுந்து நிக்கிறது சாப்பாட்டுக்கு மட்டும்தான்.”

அவள் சிரிக்கவில்லை. எதிரில் உட்கார்ந்தாள். குரல் இறங்கியது.

“ரெண்டு நாளா அவர் சரியாவே இல்லண்ணா. ரெண்டு டப்பா மேல மர ஸ்கேலைக் குறுக்கே வைச்சு, நடுவுல விரலால அழுத்திக்கிட்டே இருக்கார். விடுறார், திரும்ப அழுத்துறார். என்னங்க பண்றீங்கன்னு கேட்டா, ‘வளையுதுடி’ங்கிறார். ஏதோ ஸ்கேல் வளையும்னே இப்பத்தான் தெரிஞ்ச மாதிரி.”

இதை நான் இட்டுக்கட்டவில்லை. இந்தக் கதையில் நான் கூட்டாமல் குறைக்காமல் வைத்திருக்கும் ஒரே இடம் இதுதான். அதனாலேயே மற்றவற்றோடு ஒட்டாமல் துருத்திக்கொண்டு நிற்கிறது.

7

முடிவுகள். வேண்டியதை எடுத்துக்கொள்ளுங்கள், எல்லாம் பழைய சரக்கு.

முதல் முடிவு, தங்கையின் விருப்பப்படி: மாப்பிள்ளை குழுவின் முன் தழுதழுத்த குரலில் உண்மையைச் சொல்கிறார். அந்த அம்மாவின் கண்ணில் நீர். வெளியே ஒரு பறவை… [பறவை வந்தால் நான் எழுதுவதை விட்டுவிடுகிறேன்.]

இரண்டாம் முடிவு, உலகம் கெட்டுவிட்டது என்று சொல்லிக்கொள்ள ஆசைப்படுகிறவர்களுக்கு: மாப்பிள்ளை அவளைக் கைகாட்டுகிறார். அவள் பேனா மூடியைக் கடித்தபடி படியிறங்குகிறாள். அடுத்த வகுப்பு நாலு புள்ளி ஒன்பது எழுதுகிறது. வாசகர் பெருமூச்சு விட்டு, தான் அப்படிப்பட்ட ஆளில்லை என்று நிம்மதியாகத் தூங்குகிறார்.

மூன்றாம் முடிவு, புத்திசாலிகளுக்கு: குழுத் தலைவர் ஒரு காலத்தில் அதே கேண்டீனில், அதே மூன்றாவது மேசையில் உட்கார்ந்து…

[போதும்.]

மூன்றையும் படித்துப் பார்த்தேன். மூன்றும் சரியாக வந்திருக்கின்றன. அதுதான் இடிக்கிறது. மூன்றையும் நாற்காலியை விட்டு எழாமலேயே போட்டேன். சுமையை ஏற்றாமல் விடை எழுதியாயிற்று. கேண்டீனுக்கு நாலாவது மேசை வேண்டுமானால் என்னைக் கூப்பிடலாம்.

8

இன்று காலை. எட்டு மணி இருக்கும். வாசலில் மாப்பிள்ளை. புதுச் சட்டை, கையில் ஒரு துணிப்பை.

“மச்சான், உங்க வீட்டுல ஹாக்ஸா இருக்கா?”

இரும்பு அறுக்கிற ரம்பம். இருந்தது. எடுத்துக்கொண்டு வந்தேன். வாங்கியவர் பல்லை விரலால் தடவிப் பார்த்தார்.

“எதுக்கு மாப்பிள்ளை?”

“அறுக்கத்தான். இதை வைச்சு ஷேவா பண்ண முடியும்?”

“தனியாவா? பிடிச்சுக்க ஆள் வேணாமா?”

“அந்தம்மாவை ஒன்பது மணிக்கு வரச் சொல்லியிருக்கேன்.”

“கமிட்டி பத்து மணிக்குல்ல?”

“ஆமா, பத்து மணிக்கு.”

ரம்பத்தைத் துணிப்பையில் வைத்தார். கைப்பிடி வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. அதை உள்ளே தள்ளிப் பார்த்தார். பிறகு என்ன தோன்றியதோ, அப்படியே விட்டுவிட்டுத் தெருவில் இறங்கி நடந்தார். கனத்த மனிதர். தோள் கொஞ்சம் வளைந்திருந்தது. ஸ்கேல் மாதிரி என்று எழுதக் கை வந்தது, எழுதவில்லை.

யோசித்துப் பாருங்கள். குழு வருவதற்கு முன்னாலேயே இணைப்பை அறுத்து, பெயிண்டையும் பூசிவிட்டால் வெட்டு திரும்பிவிடும். முள் உயிர்த்துவிடும். பத்து மணிக்குத் தராசு அழகாக நாலு புள்ளி ஒன்பது காட்டும். ‘கருவி நன்றாகத்தானே இருக்கிறது? இந்த அம்மாவுக்கு மட்டும் எப்படிச் சைபர் வந்தது?’ அவளையே உத்தரத்தைப் பிடிக்க வைத்து, அவள் வேலையையும் சேர்த்து அறுத்துவிடலாம். அல்லது குழு வரும்வரை காத்திருந்து, எல்லோர் முன்னாலும் சுமையைத் தொங்கவிட்டு, சைபரைக் காட்டி, ‘இதைச் செய்தது நான்’ என்று சொல்லிவிட்டு அறுக்கத் தொடங்கலாம். ரம்பம் ஒன்றுதான். இரும்பும் ஒன்றுதான். பத்து மணிக்கு முன்பா, பின்பா என்பது மட்டும்தான் வித்தியாசம்.

வாசகரே, நீங்கள் ஏற்கெனவே கணக்குப் போட்டுவிட்டீர்கள். அவர் கைப்பிடியை மறைக்காமல் விட்டார் என்று எழுதிய இடத்திலேயே விடையைக் கண்டுபிடித்தாயிற்று. நல்லவர் திருந்திவிட்டார் என்று ஒரு கூட்டம், திருட்டுப் பயல் மாறமாட்டான் என்று இன்னொரு கூட்டம். ரொம்பப் பச்சையாகத் தெரியாமலிருக்க, இரண்டு சதவீதம் சந்தேகத்தையும் பக்கத்தில் சேர்த்து வைத்திருப்பீர்கள். மாப்பிள்ளை பார்த்தால் பெரிதாக ஒரு டிக் போடுவார்.

நான் என் பங்குக்கு அட்டவணை போட்டு வைத்திருக்கிறேன்.

கணக்கிட்ட முடிவு: (உங்களுடையது)

கண்ட முடிவு:

இரண்டாவதில் ஒன்றும் எழுதமாட்டேன். நீங்களும் எழுதக்கூடாது. முள்ளைப் பார்க்காமல் எழுதுகிறவர்கள் இந்தக் கதையில் தேவைக்கு மேலேயே இருக்கிறார்கள்.

மணி பத்தரை. போன் அடிக்கிறது. திரையில் தங்கையின் பெயர். அடிக்கட்டும்.

முதலில் நீங்கள் பேனாவைக் கீழே வையுங்கள். வைத்தால்தான் போனை எடுப்பேன்.